அப்புக்காத்து வீட்டுப் பிள்ளை பேசிய ஒரே வழக்கு

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம். படிக்காத மடையன் என்றாலாவது மன்னிக்கலாம். நான் பரம்பரையை நம்பிய மடையன்.

எங்களுடையது சட்டப் பரம்பரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், வெள்ளைக்காரன் காலத்தில், எங்கள் குடும்பத்தைத் தெரியாத மாடுகூட யாழ்ப்பாணத்தில் இல்லையாம். என் பூட்டனார் அப்புக்காத்து. அதாவது, நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுகிற பெரிய வழக்கறிஞர். அவருடைய தம்பி தெற்கே காலிப் பக்கம் போய் நீதவானாக இருந்தவர். இன்னொரு தம்பி பிரக்கிராசி. வழக்குகளை எழுதித் தாக்கல் செய்பவர். மைத்துனர் காணி உறுதி முடிக்கிற நொத்தாரிசு. வழக்கு எங்கள் வீட்டுப் படலைக்குள் நுழைந்தால் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுதான் வெளியே போகும். போகும்போது கட்சிக்காரனிடம் காணி இருக்காது, அது வேறு கதை.

இந்தப் பெருமையெல்லாம் இறங்கி இறங்கி என்னிடம் வந்து சேர்ந்தபோது மிஞ்சியது மூக்கு மட்டும்தான். படத்தில் பூட்டனாருக்கு அந்த மூக்கு நீதியின் அடையாளம் போல இருக்கும். எனக்குத் தடிமன் பிடிப்பதற்குத்தான் உதவுகிறது. நான் ஜெர்மனியில் ஹம் நகரில் ஒரு தொழிற்சாலையில் கம்பிச் சுருள் கட்டுகிறேன்.

மூக்கோடு ஒரு கதையும் வந்தது. அப்பா சோற்றில் கை வைத்தபடி எத்தனையோ தரம் சொன்ன வேலி வழக்கு. அயலவர் இருவர், இடையில் ஒரு கதியால் வேலி, ஒருவர் அதை இரவோடிரவாக நகர்த்திவிட்டார் என்று வழக்கு. நகர்த்தியவருடைய வக்கீல் முழங்கினாராம், மேசையில் குத்தினாராம். பூட்டனார் வாயே திறக்கவில்லை. தன் கட்சிக்காரன் அழத் தொடங்கிய பிறகும் திறக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று நீதிபதி பேனையை எடுத்த நேரம், மெல்ல எழுந்து, ஒரேயொரு சாட்சியைக் கூண்டில் ஏற்றினாராம். வேலியை நகர்த்தியவரின் சொந்த மாமியார்! கிழவி மருமகன்மேல் வைத்திருந்த வன்மத்தில் உண்மையையெல்லாம் கொட்டிவிட்டாள். கதை முடிந்ததும் அப்பா விரலை நக்கிவிட்டுச் சொல்வார்: "கையில இருக்கிறதைக் கடைசி மட்டும் காட்டப்படாது."

அதைத்தான் நான் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தேன்.

நாங்கள் இருந்தது கீழ்த்தளத்து வீடு. அதைவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டும். திரும்பி வரும்போது வாகனக்காரர் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் அவளுக்கு உயிர் போய்த் திரும்பும். படி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்களுக்கு வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி கெட்டவளல்ல. பிளம்ஸ் பழக் காலத்தில் கேக் கொண்டுவந்து தருகிற மனுசி. மகனுக்கு விவாகரத்தாகிவிட்டது, அவனுக்கு வீடு வேண்டும். வக்கீல் மூலம் கடிதம் வந்தது. இன்ன மாதத்துக்குள் வெளியேறுங்கள். வெளியேறினால் தாங்கமுடியாத கஷ்டம் வரும் என்றால், அதற்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். கடிதத்திலேயே தெளிவாக எழுதியிருந்தது. நான் வாசித்தேன், விளங்கியது, சிரித்தேன்.

மனைவி சிரிக்கவில்லை. "இஞ்சருங்கோ, வாடகைக் குடியிருப்பாளர் சங்கத்தில ஒரு வக்கீலைப் பார்க்க டெர்மின் எடுங்கோ."

"எங்கட வீட்டில வழக்குப் பேச வெளியாளைக் கூப்பிட்ட சரித்திரமே இல்லை."

"உங்கட பூட்டனாருக்கு டொச்சுப் பாஷை தெரியுமோ?"

"சட்டம் எண்டா எங்கையும் சட்டந்தான்."

"அப்ப நீங்களே எழுதிப் போடுங்கோ. எனக்குப் படியேற ஏலாதெண்டு ஒரு வரி. அதுக்கு அப்புக்காத்தே வேணும்?"

"எழுதினா அவைக்குத் தெரிஞ்சிடும், அவையின்ர வக்கீல் ஆயத்தமா வருவான். நீர் பாரும், கடைசியில எடுத்து வைக்கிறன்."

அவள் பிறகும் கேட்டாள், போட்டாச்சோ என்று. எல்லாம் ஆயத்தம் என்றேன். பொய்யில்லை. கறுப்புக் கோட்டை மினுக்கி வைத்திருந்தேன்.

வெளியேற வேண்டிய மாதம் வந்தது, நாங்கள் வெளியேறவில்லை, வழக்கு வந்தது. இப்படிப்பட்ட வீட்டு வழக்குகளுக்கு இங்கே வக்கீல் கட்டாயமில்லை என்று அறிந்தபோது பூட்டனாரே வழி விட்டதாக நினைத்தேன்.

நீதிமன்றம் என்றால் கூண்டிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். பல் வைத்தியரின் காத்திருப்பு அறை மாதிரி இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பொடியன் சைக்கிள் தலைக்கவசத்தோடு வந்து, முதுகுப் பைக்குள்ளிருந்து கறுப்பு அங்கியை இழுத்து உதறிப் போட்டுக்கொண்டான். வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதி எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண். நான் இடுப்பு வளைத்து வணங்கினேன். முதுகு பிடித்துக்கொண்டதாக எண்ணி, உட்காருங்கள் என்று அன்பாகச் சொன்னாள்.

பொடியன் பேசினான். நான் வாய் திறக்கவில்லை. நீதிபதி கேட்டதற்கெல்லாம் ஆம், இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் கோப்பை மூடப் போனாள். அந்த நேரம்தான், மெல்ல, மிக மெல்ல எழுந்து, கோட்டின் உள்பையிலிருந்து மனைவியின் வைத்தியச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தக் கணத்தில் நான் எவ்வளவு அழகாக இருந்தேன் தெரியுமா! வாழ்க்கையில் அப்படி ஒருமுறைதான் இருந்திருக்கிறேன்.

அவள் வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"இதை ஏன் நீங்கள் அப்போதே எழுதவில்லை?"

"இன்றைக்காக வைத்திருந்தேன்."

பொடியன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்கு முதலில் விளங்கியது. வென்றவன் தலையைக் குனிந்தால் நிலைமை எவ்வளவு மோசமாயிருக்க வேண்டும்!

நீதிபதி பொறுமையாக விளக்கினாள். காலத்தில் எழுதியிருந்தால் இந்தத் தாள் ஒன்றே போதுமாக இருந்திருக்கலாம். இப்போது மறுதரப்பு அதை ஏற்கத் தேவையில்லை. பொடியன் வீட்டுக்காரியைப் பார்த்தான். அவள் அழுதபடி தலையை இல்லையென்று ஆட்டினாள். மகனுக்கும் வீடில்லைத்தானே. கடைசியில் சில மாத அவகாசம் மட்டும் தந்தார்கள். நான் நன்றி சொன்னேன். பழக்கம்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி இரத்தம் சுத்திகரித்துவிட்டு வந்து, ஊசி குத்திய கையில் கட்டோடு படுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பகிடி சேர்த்துச் சொன்னால் வலிக்காது என்று நினைத்து, சைக்கிள் தலைக்கவசத்திலிருந்து தொடங்கினேன். அவள் இடையில் நிறுத்தினாள்.

"நீங்கள் எழுதேல்லையோ?"

"இல்லை."

"கேட்டனான் எல்லோ."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் கோட்டைக் கழற்றாமல் கன நேரம் நின்றேன். அந்தக் காலத்தில் பூட்டனாரின் கட்சிக்காரர்களும் வீட்டுக்குப் போய் இப்படித்தான் நின்றிருப்பார்கள். அவர்களைப் பற்றி அப்பா ஒரு கதையும் சொன்னதில்லை.

பிறகு வீடு தேடினோம். கீழ்த்தளம் என்று கேட்டால் சிரித்தார்கள். லிஃப்ட் என்று கேட்டால் காத்திருப்புப் பட்டியல் என்றார்கள். நான் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் இளம் சோடிகள் சம்பளச் சான்றிதழோடு வரிசையில் நின்றார்கள். எங்களுக்கு ஓம் என்று சொன்னது ஒரேயொரு வீடு. மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.

பார்க்க அவளையும் கூட்டிப்போனேன். முதல் திருப்பத்தில் நின்றாள். இரண்டாம் திருப்பத்தில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளிறிப்போயிருந்தது. வாரத்தில் மூன்று நாள் இதில் இறங்க வேண்டும், மூன்று நாள் ஏற வேண்டும். மேலே வீடு காட்டுகிறவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நின்றது கேட்டது.

ஒன்றும் தோன்றாத நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். சட்டைக் கையை மடித்து, இல்லாத புஜபலத்தைக் காட்டி, "இஞ்சேரும், யோசியாதையும். ஒவ்வொரு நாளும் நானே தூக்கிக்கொண்டு ஏறுறன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"வாயால தூக்கினது போதும்."