பூஜ்யத்துக்குப் பின்னால் எழுதியது

கம்ப்யூட்டரிடம் பொய் சொல்வது சுலபம். அது முகத்தைப் பார்க்காது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஓடிய ஒரு கம்ப்யூட்டரிடம் நான் சொன்ன பொய்யை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது, அதுவும் என்மேலேயே.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. சூளையின் சூட்டைப் பார்த்து கேஸ் வால்வைத் திருப்பும், கம்ப்யூட்டரில் செருகுகிற கார்டு ஒன்றை விற்றுக்கொண்டிருந்தோம். அது லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓட, அதோடு சேரும் மாட்யூல் என்கிற சின்ன நிரல் ஒன்று வேண்டும், எழுதியவன் நான். மாட்யூலைச் சேர்த்துக்கொள்ளும்போது உன் லைசென்ஸ் என்ன என்று லினக்ஸ் பார்க்கும். நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஜிபிஎல் என்றால் எல்லா வசதியையும் தரும். இல்லையென்றால் சிலதைத் தராது. மூடிய சரக்கு உள்ளே வந்திருக்கிறது என்று தன் பதிவில் ஒரு குறியும் போட்டுவிடும். கோளாறு வந்தால் உதவ வருகிறவர்கள் முதலில் அந்தக் குறியைத்தான் தேடுவார்கள்.

எங்கள் முதலாளிக்கு வசதியும் வேண்டும், நிரலைத் திறக்கவும் கூடாது. “எப்படியாவது உள்ள நுழைச்சுடுங்க” என்றார். லைசென்ஸ் வரியில் ஜிபிஎல் என்று எழுதி, அடுத்து ஒரு பூஜ்யம் வைத்து, அதற்குப் பின்னால் இந்த நிரல் கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதினேன். பூஜ்யத்தைக் கண்டதும் வரி முடிந்தது என்று லினக்ஸ் படிப்பதை நிறுத்திவிடும். முழு வரியும் அங்கேயே இருப்பதால் பொய்யே இல்லை என்று நாங்களும் வாதாடலாம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கூட காட்டினேன். வெட்கக்கேடு.

விருத்தாசலத்தில் கார்டை வாங்கியவர் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஓர் அக்கா. கணவர் குவைத்தில். முதல் சூளை நன்றாக வெந்தது. இரண்டாவதில், சூடு உச்சிக்கு ஏறும்போது கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. வால்வு திறந்தது திறந்தபடி. கட்டைகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சரிசெய்ய என்னை அனுப்பினார்கள்.

“தம்பி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழம லாரி வருது. சரக்கு ஏத்தலன்னா கோயமுத்தூர்காரங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க. அதுக்குள்ள சரியாயிடுமா?”

ஆயிடும்க்கா என்றேன்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. லினக்ஸ் எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்குப் பதிவை அனுப்பினேன். எங்கோ குளிர்தேசத்து மனிதர் ஒருவர் பைசா வாங்காமல் எனக்காக உட்கார்ந்தார். பதிவில் குறி இல்லை. அதனால் தப்பு தங்கள் நிரலில்தான் என்று நம்பி, தங்கள் பக்கத்தையே நோண்டினார். மூன்று நாளில் மூன்று திருத்தம் வந்தது, ஒவ்வொன்றோடும் ஒரு மன்னிப்பு. நாலாவது நாள் மரியாதையாகக் கேட்டார்: உங்கள் மாட்யூலும் ஜிபிஎல்தானே, அதன் நிரலை அனுப்ப முடியுமா?

முதலாளிக்கு போன் போட்டேன். “அனுப்பினீங்கன்னா நாளைலேருந்து வேலைக்கு வர வேணாம்” என்றார். எனக்கு வேலை வேண்டியிருந்தது. பதில் எழுதாமல் இரண்டு நாள் ஓட்டினேன். அக்காவால் காத்திருக்க முடியாது, கட்டைகளை அடுக்கிவிட்டார். கடைசித் திருத்தத்தைப் போட்டிருக்கிறேன், தாங்கும் என்று சொல்லி, நானே சூளையைப் பற்றவைக்கச் சொன்னேன். தாங்கவில்லை. திரை அதே இடத்தில் நின்றது. ஆட்கள் ஓடிப்போய் கேஸை மூடினார்கள். சட்டென்று சூடு இறங்கியதில் கட்டைகள் படபடவென வெடித்தன.

அதற்குப் பிறகுதான் எழுதினேன். பூஜ்யத்தைப் பற்றியும் அதற்குப் பின்னால் இருப்பதைப் பற்றியும் சொல்லி, நிரல் முழுவதையும் சேர்த்து அனுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். வந்த பதிலில் திட்டும் இல்லை, வணக்கமும் இல்லை. சூடு அளவு மீறியதாகக் கார்டு சொன்னால், மற்ற வேலைகள் குறுக்கே வராமலிருக்க என் நிரல் போட்ட பூட்டைத் திறக்காமலே வெளியே போய்விடுகிறதாம், அது திறக்கக் காத்தே கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதாம். சேர்க்க வேண்டிய ஒரே ஒரு வரியை எழுதியிருந்தார்.

சேர்த்தேன். காலிச் சூளையை உச்சிவரை ஏற்றிப் பார்த்தோம், கம்ப்யூட்டர் நிற்கவில்லை. லாரி வந்து வெறுமனே திரும்பிப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசலில் குவிந்து கிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க அனுப்பினப்புறம் அவரு கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆச்சு தம்பி?”

“ஒரு மணி நேரம்க்கா.”

“அப்ப இத்தினி நாளா அந்த மனுசன எதுக்குத் தேட வுட்டீங்க?”