செல்லம்மா மவன் எப்ப பேசுவான்?

காளியம்மா சத்தியமா, இதுல ஒரு எழுத்துகூட பொய் கெடையாது. எனக்குத் தெரிஞ்சதே கொஞ்சம் எழுத்துதான், அதுல பொய் வேற எழுதி வீணாக்குவேனா?

நான் பாத்தது புள்ள பாக்குற வேல. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல ஆயாக்கொட்டாய். அம்மாக்காரிங்க பால்மரம் சீவப் போறப்ப புள்ளைங்கள எங்கிட்ட வுட்டுட்டுப் போவாங்க. இந்த வேலையில புள்ளைங்க அழுறத தாங்கிக்கலாம். மத்தியானம் வந்து, "இன்னிக்காச்சும் நடந்தானா, பேசினானா"ன்னு பெத்தவங்க அழுறதத்தான் தாங்க முடியாது. உங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருந்தா வாங்க, இப்புடி ஒக்காருங்க. நாமெல்லாம் ஒரே லயத்து வரிசை வூட்டுக்காரங்க.

மாரியாயி வூட்டு மைனா

செல்லம்மா மவன் ராசுக்கு ரெண்டரை வயசு தாண்டிருச்சு. ஓடுவான், மரத்துல தொத்துவான், அடுத்த புள்ள ரொட்டிய புடுங்குவான். பேச்சு மட்டும் கெடையாது. வேணுங்கிறத வெரலால காட்டுவான்.

அதுல செல்லம்மா பாதி செத்தான்னா, மீதிய பக்கத்து வூட்டு மாரியாயி சாவடிச்சா. அவ புள்ள ஒன்பது மாசத்துலயே "அத்தை"ன்னு சொல்லிருச்சாம். நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தப் புள்ள சொன்னது "அத்" மட்டுந்தான். "தை" மாரியாயி சேத்துக்கிட்டது. அத நான் சொன்னதுக்கு, அவ செல்லம்மாவப் பாத்துச் சொன்னா: "தங்கக்கா பேச்ச வுடு. எம்புள்ள பேசுறதுல கொஞ்சம் ஒம்மவனுக்குக் கடன் குடுக்க முடிஞ்சா குடுத்திருக்க மாட்டேனா?"

ரொட்டி டின்னு

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயாகிட்ட காட்டினோம். அவருக்குத் தெரிஞ்ச மருந்து ரெண்டு. காச்சலுக்குக் கசப்புத் தண்ணி, மத்த எல்லாத்துக்கும் செவப்புத் தண்ணி. "மொதல்ல காது கேக்குதான்னு பாரு"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

எப்புடிப் பாக்குறது? கை தட்டுனா எல்லாப் புள்ளையும் திரும்புது, அதப் பாத்து இவனும் திரும்பறான். அதனால மத்ததுங்கல்லாம் தூங்குறப்ப இவன சொவரப் பாக்க ஒக்கார வச்சேன். பின்னால நின்னு ரொட்டி டின்னு மூடிய மெல்லமாத் தொறந்தேன். எனக்கே கேக்கல. பய கைய நீட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்.

செல்லம்மாகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரல. "காது கேக்குது, சரி. அப்ப எங்கிட்ட பேச மாட்டேங்கிறானே, அவனுக்கு எம்மேல என்னக்கா கோவம்?"

கிளி கொத்துன கொய்யா

வசம்பு தேச்சாச்சு, தேன் தடவியாச்சு. கிளி கொத்துன பழம் தின்னா பேச்சு வரும்னு யாரோ சொல்லிட்டாங்க. அப்ப வெள்ளக்காரன் போட்ட அவசர காலம். காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்னிஸ்டுக்காரங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னு லயத்தச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டிருந்துச்சு. வாசல்ல துப்பாக்கியோட ஒரு மாத்தா, அதான் போலீசு. போறப்பவும் வரப்பவும் சோதன. செல்லம்மா ஜெராம் ரோட்டு ஓரமா அலைஞ்சு, பாதி தின்ன கொய்யா ஒண்ண மடியில கட்டிக்கிட்டு வந்தா. நான் பின்னாலயே வந்தேன்.

அந்த மாத்தா மலாய்க்கார ஆளு, நம்ம பேச்சு அரகொறையா வரும். பழத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "காட்டுல யாரு கடிச்சது?"ன்னாரு. "கிளி ஐயா"ன்னா இவ. "கிளிக்கி ஐ.சி. கார்டு இருக்கா?"ன்னு அவரு கேக்க, இவ பயத்துல அழுதுட்டா. நாந்தான் கையும் காலும் ஆட்டி, புள்ளைக்கிப் பேச்சு வரல, அதுக்கு மருந்துன்னு வெளங்க வச்சேன்.

அந்த ஆளு துப்பாக்கிய சாத்தி வச்சாரு. பழத்த ஒரு எலையில சுத்தி அவ கையில குடுத்தாரு. "எம்மவளும் இப்படித்தான் லா. ரொம்ப நாளு ஒண்ணும் பேசல. அவ அம்மா அழுவா, நான் வெளிய வந்து மாட்டுக்கிட்ட நிப்பேன்."

வீரன் தீட்டுன கத்தி

ராசோட அப்பன் வீரன் எங்க தோட்டத்துலயே நல்ல கைக்காரன். அவன் சீவுன மரம் சவரம் பண்ண மாதிரி இருக்கும். அந்தக் கர்வந்தான் வெனையாப் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழம அவன் சீவுற கத்தியத் தீட்டி, சுடுதண்ணியில போட்டு வச்சிருக்கான். செல்லம்மா ஓடியாந்து என்னை இழுத்துக்கிட்டுப் போனா.

"நாக்குக்கு அடியில நரம்பு இழுத்துக் கட்டியிருக்குக்கா. பால் வராத மரத்துல கொஞ்சம் ஆழமா ஒரு கோடு போட்டா வரும்ல? அதான்" அப்படீங்கிறான், ரொம்ப நெதானமா.

சத்தம் போட்டா ஆம்பள மசியமாட்டான். "அப்புடி ஆழமாப் போட்டா வேல வாங்குற மண்டோர் ஒன்ன என்ன சொல்வாரு?"ன்னு கேட்டேன்.

"ஏசுவாரு. கட்டையில காயம் பட்டுரும்."

"காயம் பட்டா?"

"முண்டு கட்டும். அப்புறம் அந்த எடத்துல கத்தியே வைக்க முடியாது."

"அப்ப பால் நின்ன மரத்த என்ன பண்ணச் சொல்வாரு?"

"தொடாம வுடச் சொல்வாரு"ன்னான்.

சுடுதண்ணிய எடுத்து நானே வாசல்ல கொட்டினேன். கத்தியத் தொடச்சுக்கிட்டே சொன்னான்: "தீவாளி வரைக்கும் வுடுறேன்க்கா. அப்பவும் பேசலன்னா நீ குறுக்க நிக்கக் கூடாது."

கொட்டாயில ஒரு பெரட்டு

தீவாளிக்கு முந்துன வாரம். புருசனும் பொண்டாட்டியும் ஸ்டோருல ரப்பர் பாலு ஊத்திட்டு நேரா கொட்டாய்க்கு வந்தாங்க. அவன் இடுப்புல கத்தி. தெனமும் இருக்கிறதுதான், ஆனா செல்லம்மா கண்ணு அதுலயே நிக்குது. எங்கிட்ட எப்பவும் ஒரு நக்கல் இருக்கும், அன்னிக்கி அதுவும் இல்ல.

உள்ள ராசு, பால் புடிக்கிற ஒடஞ்ச மங்குங்கள வரிசையா வச்சிருந்தான். கைய பின்னால கட்டிக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு, ஒரு மங்கு முன்னால நின்னான். "செல்லம்மா"ன்னான்.

அச்சு அசல் மண்டோர் கொரலு. காலையில பெரட்டுல மண்டோர் ஆள் பேரு கூப்புடுறப்ப, இவன இடுப்புல வச்சுக்கிட்டுத்தானே அவ நிப்பா. கேட்டுக்கிட்டே இருந்திருக்கான் திருட்டுப் பய. செல்லம்மாவும் யாரு கூப்புடுறான்னு யோசிக்கல, நிமுந்து நின்னு "இருக்கேங்க"ன்னா. சொன்னப்புறந்தான் வெளங்கிச்சு. வாசப்படியிலயே ஒக்காந்துட்டா.

அவன் அடுத்த மங்குக்குப் போயி "வீரா"ன்னான். வீரன் வாயத் தொறந்தான், சத்தம் வரல. கண்ணுலதான் தண்ணி வந்துச்சு. புள்ள கொஞ்சம் பொறுத்துப் பாத்தான். அப்புறம் வேலைக்கு நேரங்கழிச்சு வந்தவங்கள மண்டோர் பாக்குற மாதிரி அப்பன மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னான்: "லேட்டு. வூட்டுக்குப் போ."

புள்ள பேசலையேன்னு நாம கவலப்பட்டுக்கிட்டு இருக்கிறப்ப அது நம்மள பெரட்டுல ஆள் எடுத்துக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். இம்புட்டு நேரம் ஓசியில காதக் குடுத்தவங்க ஆளுக்கு ரெண்டு வெத்தல, பாக்கோட இங்க வச்சுட்டு எந்திரிங்க.