ஒரு நாள் தள்ளி வந்த திருவிழா

கித்தேரியம்மாளுக்கு வாய் நீளம். வட்டக்கானல் மலையில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு காட்டேஜில் ஆறு அறைகளைக் கூட்டிப் பெருக்கிப் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை. ஈரத் துண்டைத் தரையில் போட்டுவிட்டுப் போகிற வெள்ளைக்காரனைக்கூடத் தமிழிலேயே திட்டுவாள். அவனும் "சாரி" என்று எடுத்து மாட்டுவான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலையை வைத்தே மகள் ஆக்ஸிலியாவை நர்சிங் படிக்க வைத்தாள். தான் இரண்டாம் வகுப்போடு நின்றவள் என்பதை மட்டும் எங்கும் மூச்சு விடவில்லை. கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முந்திப் பாடுவாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று நானே நம்பியிருந்தேன்.

டிசம்பர் எட்டு அமலோற்பவ மாதா திருவிழா. எங்கள் மாதா சபைக்குச் செயலாளர், செலினாவாகிய நான்தான். அன்றைக்குப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் யார் வாசிப்பது என்று வருஷாவருஷம் சீட்டுக் குலுக்குவோம். 2024இல் கித்தேரியக்கா பெயர் வந்தது. "கித்தேரிக்கு வாசிக்க வருமா?" என்று ஒருத்தி சிரித்தாள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

"ஏன் வராது? ஒன்னவிட நல்லாவே வரும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பஸ் போர்டில் 'வத்-த-லக்-குண்-டு' என்று முடிப்பதற்குள் பஸ் வளைவில் திரும்பியிருக்கும். மகளிடம் திருவிழா வாசகத்தை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னாள். ஒரு மாதம் அதைக் காதில் மாட்டிக்கொண்டே விரிப்பு உதறினாள். மனப்பாடம் ஆகிவிட்டது.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிற்று. அந்த வருஷம் எட்டாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால ஞாயிறு. ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்பதால் மாதா திருவிழா திங்களுக்கு மாறியிருந்தது. ஃபாதர் தந்த காகிதத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்த நான் அதை வாசிக்கவில்லை.

ஞாயிறு காலை பூசைக்கு முன்னால் ஃபாதர் சொல்லித்தான் எனக்கே தெரியும். "மாதா அம்மா இல்லையா, மகனுக்கு விட்டுக்கொடுத்துட்டாங்க. கித்தேரியம்மா, நீங்க இன்னிக்கு ஞாயிறு வாசகத்த வாசிச்சிருங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அக்கா என்னைக் கோயிலுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"நாளைக்கு எனக்கு லீவு கெடையாது. இன்னிக்கு உள்ளது எனக்குத் தெரியாதுடி. எழுத்துக் கூட்டத்தான் வரும். திருவிழாவுக்கு உள்ளத மனப்பாடமாத்தான் வச்சிருந்தேன்."

எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நான் வாசிச்சிருதேன்க்கா. தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லிக்கிடலாம்."

"மாதா நாளும் அதுவுமா பொய் சொல்லவா?"

"மாதா நாள் நாளைக்குத்தானக்கா."

முறைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

நேரம் வந்தது. வாசக மேடையில் ஏறிப் புத்தகத்தில் விரலை வைத்தாள். முதல் வார்த்தையே எருசலேமே. "எ... ரு... ச..." மைக்கில் அவள் மூச்சு கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விரல் நின்றது. இறங்கிவிடுவாள் என்று நினைத்துப் பாதி எழுந்துவிட்டேன். "...லே... மே. எருசலேமே!" என்று அதட்டுவதுபோல முடித்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு நிமிஷ வாசகத்துக்கு ஒன்பது நிமிஷம் ஆயிற்று. ஒரு எழுத்தைக்கூட அவள் விழுங்கவில்லை. கடைசியில் "இறைவா உமக்கு நன்றி" என்று நாங்கள் சொன்னது வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. நான் அழுதுவிட்டேன்.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை, அந்தக் குளிரில்.

"நாளைக்கு உள்ளத நீயே வாசி," என்றாள் காதோரம். "அத நான் ஒப்பிச்சிருப்பேன். இதத்தாண்டி வாசிச்சேன்."