உபதேசியாருக்கு மிஞ்சிய சொல்

காலைச் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போதுதான் என் கணவரின் நாக்கு குழறியது. "ஆண்டவரே" என்று தொடங்கினார். அடுத்து வந்தது சொல்லே இல்லை, வெறும் சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை மேசையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

அவர் பெயர் சாமுவேல். தென்காசியில் எங்கள் சபையின் உபதேசியார் (சபைக் குருவான ஐயர் வராத நாட்களில் ஆராதனை நடத்துபவர், வீடு வீடாகப் போய் ஜெபிப்பவர்). பேச்சுதான் அவருடைய ஊழியம்.

பக்கவாதம் என்றார் டாக்டர். மூளையின் இடப்பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. உடனே கொண்டுபோனதால் உயிர் தப்பியது. உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

காலில் மெல்ல அசைவு வந்தது. பேச்சு வரவில்லை. அதற்கு அபேசியா என்று பெயர் (பேச்சிழப்பு: கேட்பது புரியும், சொல்ல வேண்டியது மனதில் இருக்கும், சொல் மட்டும் அகப்படாது). பிறகு ஒரு நாள் ஒரே ஒரு சொல் வந்தது.

"போலே."

எங்கள் ஊரில் 'போடா' என்று விரட்டுவதை அப்படித்தான் சொல்வார்கள். சின்னப் பிள்ளையைக்கூட 'லே' போட்டுக் கூப்பிடாத மனிதர் அவர். தண்ணீர் வேண்டுமென்றாலும் போலே, வலித்தாலும் போலே. நர்சைப் பார்த்தும் போலே.

"மனசறிஞ்சு சொல்லலம்மா," என்றார் டாக்டர். "மத்த சொல்லுக்கெல்லாம் வழி அடைச்சுப்போச்சு. இது ஒண்ணு தப்பி நிக்குது. நெறைய பேருக்கு வசவுதான் மொதல்ல வரும்."

வீட்டுக்கு வந்தபின் ஐயர் பார்க்க வந்தார். உருக்கமாக ஜெபித்தார். அவர் ஆமென் சொன்னதும் என் கணவர் உரக்க, "போலே!" என்றார். ஐயர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். ஆனால் கூட வந்த சபையார் ஒருவர் வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஊழியக்காரரு வாயில வார வார்த்தையா இது? உள்ள என்ன இருந்துச்சோ," என்றார்.

அது உள்ளே கேட்டது. அவருக்கும் புரிந்தது.

அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சியை இடது கையால் தள்ளிவிட்டார். கெஞ்சினேன், கோபப்பட்டேன். அந்தச் சுவரை வென்று அவரை என் பக்கம் திருப்ப முடியவில்லை.

எனக்கும் ஜெபம் நின்றுபோனது. எத்தனையோ வீடுகளில் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கர்த்தர் பெலன் தருவார் என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பெலன் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியவில்லை.

ஒரு சாயங்காலம், குடும்ப ஜெப வேளையில், பழக்கத்தால் அவர் கட்டிலருகே முழங்காலிட்டேன். "ஆண்டவரே" என்றேன். மேலே ஒன்றும் வரவில்லை. "என்னால முடியலப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்து அழுதேன்.

என் தலைமேல் ஒரு கை வந்து பட்டது. அவருடைய இடது கை.

"போலே," என்றார் மெதுவாக. "போலே... போலே போலே..."

அது ஜெபம். எனக்குச் சந்தேகமே இல்லை. நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது அவர் குரல் எங்கே தாழும், எங்கே கெஞ்சும், எங்கே எழும் என்று எனக்குத் தெரியும். அதே ஏற்றம், அதே இறக்கம். எனக்காக அவர் நெடுநேரம் மன்றாடினார். முடிந்ததும் கையை எடுக்காமல் காத்திருந்தார். நான் சொல்லவேண்டியதை நான் சொன்னேன்.

"ஆமென்."

எங்களைத் தாங்கிய பெலன் அப்படித்தான் வந்தது. உடைந்த ஒருவர் வழியாக உடைந்த இன்னொருவருக்கு. அவர் அன்று இரவு கஞ்சி குடித்தார். அடுத்த முறை பயிற்சிக்கு அந்தப் பெண் வந்தபோது அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

எல்லாம் திரும்பவில்லை. வலது கை இன்னும் தொங்குகிறது. பிரசங்கம் இனி இல்லை. தண்ணி, வா, போதும் என்று சில சொற்கள் வந்திருக்கின்றன. அவரைத் தாங்கி நடந்து என் இடது தோள் இறங்கிவிட்டது. ரவிக்கைக்கு அளவெடுத்த தையல்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

இந்தச் சீசனுக்குக் குற்றாலம் கூட்டிப்போனேன். அருவிக்குப் போகும் வழியில் பின்னால் வந்தவர்கள், "கொஞ்சம் வெரசா நடங்க அண்ணாச்சி," என்றார்கள். ஒதுங்கி நின்று எல்லோரையும் போகவிட்டோம். முன்பெல்லாம் நான்தான் அவசரப்படுகிறவள்.

சாரல் அடித்தது. வலது கன்னம் நனைந்தது அவருக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பி இடது கன்னத்தைக் காட்டினார். உதடு எதையோ தேடியது. நான் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. இருவருமே நன்றாக நனைந்திருந்தோம்.

"குளுருது," என்றார்.