மூன்று பேருக்கான பாதை

எங்கள் வீதியில் ஒரு நாள் விடியவே மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஆனைக்கோட்டைப் பக்கத்திலிருந்து டவுனுக்குப் போகும் வீதி. அகலமாக்கிய பிறகும் காலையில் அசையாது. பாடசாலை வான்களும் ஓட்டோக்களும் கார்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் போக வேண்டுமென்றால் வேறென்ன நடக்கும்? அதற்கு மருந்தாகத்தான் அந்தக் கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் காலை ஒன்பதரை வரை பஸ்களுக்கும், ஓட்டுபவரோடு சேர்த்து மூன்று பேருக்குக் குறையாமல் வரும் கார்களுக்கும் மட்டும். மற்றவர்கள் வலப்பக்கத்தில் நெரிபட வேண்டியதுதான்.

மூன்று என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் யாரென்று தெரியாது. எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியத்துக்குப் புறப்பட்டுப் பார்த்தவராக இருக்க முடியாது. இங்கே பெண் பார்க்கவோ, கலியாண எழுத்துக்கோ, சோதனை எழுதவோ மூன்று பேராய் வெளிக்கிடுவதில்லை. போன காரியம் சரிவராதாம். ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். அல்லது நாலாவதாக அயலில் யாரையாவது பிடித்து ஏற்றுவார்கள்.

நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள். நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, இராகு காலம் பார்ப்பதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். ஆனால் மூன்று பேராய்ப் புறப்படக் கூடாது என்பது மட்டும் எந்த வழியாலோ எங்கள் வீட்டுக்குள் வந்து, வேதப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. அண்ணை கனடாவுக்குப் போனபின் வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான். அதனால் எந்த நல்ல காரியத்துக்கும் ஒருவர் மிஞ்சினார். பெரும்பாலும் மிஞ்சியவள் நான். எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே என்னை விட்டுவிட்டுத்தான் போனார்கள். போன இடமெல்லாம் சரிவரவில்லை என்பது வேறு கதை.

பட்டம் முடித்து எட்டு வருடமாகியும் எனக்கு நிரந்தர வேலை இல்லை. பிள்ளைகளுக்கு ரியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆசிரிய நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணி, பிந்தி வருவோர் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த மாதம் எனக்கு முப்பத்தாறு. அதோடு வயதெல்லை முடிந்துவிடும். இதைத் தவற விட்டால் இன்னொன்று இல்லை.

நான் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தேன். அப்பா ஒரே பிடியாக நின்றார். பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு பஸ்ஸில் தொங்குவதா, காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். அம்மாவும் வருவதாகச் சொல்லி உடுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மூன்று பேர் என்றால் இடப்பக்கப் பாதை, அரை மணித்தியாலத்தில் போய்விடலாம்.

எட்டு மணிக்குக் காரில் ஏறும் நேரம் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

“மூண்டு பேராய் வெளிக்கிடக் கூடாது. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ.”

பாதையைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சினேன். முன்வீட்டு அன்ரியைக் கூப்பிடுவோம், நாலு பேராகிவிடும் என்றேன். அவ காலமையே சந்தைக்குப் போய்விட்டாவாம். அம்மா எனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொல்லி உள்ளே போனார். அப்பா காரை எடுத்தார்.

முன்சீற்றில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் மருந்துப் பையும் அவர் யாருக்கோ கொடுக்க வேண்டிய வாழைக்குலையும் இருந்தன. நான் பின்னால் இருந்தேன். கால் மைல் போகவில்லை, வாகனங்கள் நின்றுவிட்டன. பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, இரண்டு விரலைக் காட்டி, வலப்பக்கம் என்று கையசைத்தார். எங்கள் இடப்பக்கத்தில் ஒரு முழுப் பாதை வெறுமையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

எட்டரைக்குப் பண்டத்தரிப்பு பஸ் ஒன்று பக்கத்தால் போனது. இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்றேன்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. இப்ப விடும்.”

இந்த வசனத்தை என் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். கதவைத் திறக்கப் பார்த்தேன், திறபடவில்லை. அண்ணையின் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது, ஓட்டத்தில் திறந்துவிடுவார்கள் என்று அப்பா பின்கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாத சின்னப்பிள்ளைப் பூட்டில் போட்டிருந்தார். அவர்கள் திரும்பிப் போய் இரண்டு வருடம். முப்பத்தைந்து வயதில் நான் அந்தப் பூட்டுக்குள் இருந்தேன். இரண்டாவது பஸ்ஸும் போனது.

“அப்பா, கதவைத் திறவுங்கோ.”

“நடுறோட்டில இறங்கிறதோ? பாக்கிற சனம் என்ன சொல்லும்?”

அவர் கைகள் ஸ்ரியரிங்கை விட்டு அசையவில்லை. நேரம் எட்டு ஐம்பது.  கதவுக் கண்ணாடியை இறக்கினேன். கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைபிடியை இழுத்தேன். கதவு சும்மா திறந்தது. அது அவ்வளவு லேசான காரியம் என்று தெரிய எனக்கு இருபது நிமிடம் எடுத்ததற்கு இன்றைக்கும் என்மேல் கோபம் வருகிறது. சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி, வந்த மினி பஸ்ஸுக்குக் கை காட்டினேன். அப்பா பின்னால் கூப்பிட்டது கேட்டது.

ஒன்பது பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்றவர் நல்ல மனுசர்தான். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கடிதத்தின் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, குறை நினைக்க வேண்டாம் என்றார். நான் மதில் ஓரமாக நின்றேன். ஒன்பது நாற்பதுக்கு அப்பா வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. 

திரும்பும்போது அவசரமில்லை, ஆனாலும் வீதி நெரிசல் விட்டுக்கிடந்தது. பாதி வழியில் அப்பா தானாகவே கதைத்தார்.

“இந்தமுறை வேலை கிடைக்கிற எல்லாரையும் தூர முல்லைத்தீவிலதான் போடுறாங்களாம். அங்க தங்கித்தான் படிப்பிக்கோணுமாம். கொம்மா கேள்விப்பட்டவ.”

“எப்ப?”

“கடிதம் வந்த அண்டைக்கே.”

உங்களுக்கும் அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். அவர் வீதியைப் பார்த்தபடியே ஓட்டினார். நான் மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஓம் என்று சொல்லியிருப்பார், அதற்குப் பிறகும் நான் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

வீட்டுக்குள் நுழையும்போதே நண்டுக் குழம்பு மணத்தது. எனக்கு விருப்பமான சமையல், அம்மா அதைப் பெருநாளுக்குத்தான் வைப்பார். மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகள் வைக்கப்பட்டிருந்தன. நேரம் பத்தரைகூட ஆகவில்லை. போன காரியம் என்னாயிற்று என்று அம்மா கேட்கவில்லை.

“உடுப்பை மாத்திக்கொண்டு வா, பிள்ளை. சாப்பிடுவம்,” என்றார்.