வெள்ளை உடுத்தியவர்களின் ஊர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தமிழ் சீரியல் எனக்கு ஆகாது. கணவர் போன பிறகு அறவே ஆகாது. அதில் ஒரு விதவை வந்தால் மூக்கைச் சிந்துவாள், இல்லாவிட்டால் யாருக்காவது சாபம் விடுவாள். கண்டி டவுனில் ஒரு பாமசியில் பகலெல்லாம் நின்று மருந்து விற்றுவிட்டு, அம்பிட்டிய பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, வீட்டிலும் அதையே பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா?

அவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப்போகும் லொறி ஓட்டினார். ஒரு மழைநாளில் லொறி கவிழ்ந்தது. அவ்வளவுதான். நான் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தேன். அங்கே அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அப்பா எப்போதோ போய்விட்டார், அன்றிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். என்னை வெள்ளை கட்டச் சொல்லவில்லை. ஆனால் பொட்டு கூடாது, பூ கூடாது, நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. இருட்டிலும் மேசை கதிரை எங்கே கிடக்கிறது என்று தெரிகிற மாதிரி அதுவும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. சேலை எடுத்துவிட்டு வந்த அன்று அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்: "தாலி கட்டுறப்ப நீயும் நானும் பின்னால ரூம்ல இருந்துக்குவோம், என்னா?"

சரி என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் போகிற வயதில் தலை வாரிவிட்டவள் நான். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கக் கூடாதாம். ஆனால் அம்மாவோடு என்ன சண்டை போடுவது? அவரும்தானே ரூமுக்குள் இருக்கப் போகிறார்.

அப்படியிருந்த ஒரு மாலையில்தான், சீரியல் அழுகை தாங்காமல், நான் டீவியைச் சிங்கள சேனலுக்குத் திருப்பினேன். ஏதோ கொரிய நாடகம், சிங்களத்தில் குரல் கொடுத்துப் போட்டிருந்தார்கள். அரண்மனையில் தையல் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் கதை. ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்று உட்கார்ந்தவள், அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்வரை எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். நாடகத்தில் அந்தப் பெண்ணும் அவளுக்குப் பிடித்தவனும் காதலிக்கிற விதமே வேறு. வாரக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார்கள், ஒரு விரல்கூடப் படவில்லை. ஒருநாள் அவன் அவளுக்குக் குடை பிடித்தான், அவன் முதுகு முழுக்க நனைந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. போனவர் ஞாபகம் வந்தது, ஆனால் முதல் தடவையாக அந்த ஞாபகம் வலிக்காமல் வந்தது.

அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. பேச்சை நான் தமிழில் சொல்வேன். அவரோ பேச்சைக் காட்டிலும் உடுப்பைத்தான் கவனித்தார்.

"ஏன் புள்ள, அந்த ஊருல இத்தனை பொம்பளைங்க வெள்ளையில இருக்காங்க?"

எனக்கும் அப்போது தெரியாது. "தெரியலையேம்மா" என்றேன்.

"சண்டையில புருசனுங்கள பறிகுடுத்திருப்பாங்க, பாவம்" என்று அவரே முடிவு கட்டினார். அதிலிருந்து அவர் அதற்குள்ளேயே வேறொரு நாடகம் பார்க்க ஆரம்பித்தார். வெள்ளை உடுத்தியவர்கள் சந்தையில் கடை போடுகிறார்கள். வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அரண்மனைக் காவலனோடு மல்லுக்கு நிற்கிறார்கள். ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்று கைதட்டுகிறார்கள். அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார்.

கொஞ்ச நாளில் எனக்கு விஷயம் பிடிபட்டது. அங்கே ஏழை எளியவர்களின் அன்றாட உடுப்பே வெள்ளைதான். ஆண்களும் அதையேதான் போட்டிருந்தார்கள். அம்மா அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"பொண்டாட்டி செத்தா ஆம்பளையும் வெள்ளை கட்டுறான் பாரு. நியாயமான ஊரு!"

இதைக் கேட்ட பிறகு நான் வாயைத் திறப்பேனா?

கல்யாணம் டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் பின்னறைக்குப் போக எழும்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்க போற? இரு."

முன்வரிசையிலேயே இருந்தோம். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகத் தாலியைத் தட்டில் வைத்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எடுத்து வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் தட்டை வளைத்து அந்தப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். அம்மா கையை நீட்டினார்.

"குடு இங்க."

"மதினி, நீங்க..."

அம்மா தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தட்டை என் பக்கம் இழுத்தார். "தொடு புள்ள."

"என்னா மதினி இது, இல்லாத பழக்கமெல்லாம்!"

"கொரியாவுல ராசா ஊருலயே முன்னால நின்னுதான் வாழ்த்துறாங்க. நாம என்ன கொறைஞ்சா போயிட்டோம்?"

அத்தைக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. விளங்காததால்தானோ என்னவோ, சண்டைக்கும் வரவில்லை. நான் தாலியைத் தொட்டேன். மணவறையிலிருந்து தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், இதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு அரண்மனைக் கதைகள் போய் இந்தக் காலத்துக் கதைகள் வந்தன. நான் கொரியாவோடு நிற்காமல் ஜப்பான், சீனா என்று படங்களின் சீடிகளை வாங்கிக் குவித்தேன். ஒருநாள் ஒரு கதையில் சாவு வீடு வந்தது. எல்லோரும் கறுப்பு உடுப்பில் நின்றார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"துக்கத்துக்கு இவங்க கறுப்புத்தான் போடுவாங்களா?"

"இப்ப அப்பிடித்தாம்மா."

"அப்ப அந்த வெள்ளை?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அது அந்தக் காலத்துல அவங்க அன்னாடம் போட்ட உடுப்பும்மா. புருசன் இருக்கிறவங்களும் அதைத்தான் போட்டாங்க."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் சேலைத் தலைப்பை எடுத்து மடியில் விரித்தார். இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப இதுவும் வெறும் துணிதானா?" என்றார்.