கமோசா கட்டி வந்த கபௌச் செடி

பள்ளிக்கூடத்து மதியச் சோறு ஜுனாகி கையால் ஆனது. நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்குச் சோறு, பருப்பு, பப்பாளிக்காய்க் கூட்டு. வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அவளைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெண் பார்க்க வந்த ஒருவன் தேநீரை உறிஞ்சிய சத்தம் பிடிக்கவில்லை என்றாள். இன்னொருவன் அவள் தறியைப் பார்த்து, இதெல்லாம் இன்னும் எதற்கு என்று கேட்டுவிட்டான். அவனுக்கு வெற்றிலை பாக்குக்கூட வைக்கவில்லை. பிறகு அப்பா படுத்தார், பத்து வருடம் ஓடிவிட்டது. அப்பா போன பின் தம்பி வீடு, தறி, பள்ளிக்கூடத்து அண்டா என்று நன்றாகவே இருந்தாள். பாவம் என்று யாராவது வாயெடுத்தால் கரண்டியோடு திரும்புவாள்.

பத்ரேஸ்வர் துறையில் படகு ஓட்டுகிறவர். இந்தக் கரைக்கும் மாஜுலித் தீவுக்கும் நடுவே பிரம்மபுத்திராவில் முப்பது வருடமாகப் போய் வருகிறார். ஐம்பது வயது. மனைவி இறந்து எட்டு வருடம், மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆற்றில் எந்தப் பக்கம் மணல் மேடிட்டிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் மணலில் தட்டிய படகுதான்.

போன வருடம் பங்குனிக் கடைசியில் பொர்தொய்சிலா அடித்தது. புதுப்பெண்போல அம்மா வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கண்டவர் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிற அந்தக் காற்று, துறையோரத்து வாகை மரத்தில் பெரிய கிளையை முறித்துப் போட்டது. கிளையோடு கபௌச் செடி ஒன்றும் விழுந்தது. சித்திரைப் பிஹுப் பண்டிகையில் ஆடுகிற பெண்கள் கொண்டையில் வால்போலத் தொங்குமே, ஊதாப் புள்ளி போட்ட அந்தப் பூவின் செடிதான். ஆண்பிள்ளை ஒருவன் அதை ஒரு பெண்ணிடம் கொண்டு போய்க் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும்.

மற்றவர்கள் பூவைக் கொடுப்பார்கள். பத்ரேஸ்வர் செடியைக் கொடுத்தார். பூவெல்லாம் காற்றில் நசுங்கிப்போயிருந்தது, அவர் என்ன செய்வார்? ஒரு மரப்பட்டையில் செடியை வைத்தார், வேரைச் சுற்றிப் பாசி அடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். மரியாதையாகக் கொடுக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது மனிதருக்கு. சிவப்புக் கரை போட்ட புதுக் கமோசாவை எடுத்துப் பட்டை, பாசி, வேர் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றி, படகைக் கட்டுகிற முடிச்சைப் போட்டுவிட்டார். பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் கழுத்தில் போடுகிற துணி அது. அதைச் செடிக்குப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு ஜுனாகி வாசலில் நின்றார்.

மினதி, தம்பி பெண்டாட்டி, உள்ளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். ஜுனாகிக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, சரி என்று சொல்ல அவள் என்ன பதினெட்டு வயதுப் பெண்ணா?

"அடுத்த வருஷம் பிஹுக்குள்ள இது பூக்கட்டும். பூத்தா தலையில வெச்சுக்கிறேன். பூக்கலேன்னா இதைப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்றாள்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஆற்றைத் தாண்டிவிட்டது. படகில் ஏறுகிறவர்கள் எல்லாரும் பூ வந்ததா என்று கேட்டார்கள். மாட்டு வைத்தியர் கேட்டார், தபால்காரர் கேட்டார், பள்ளிக்கூடத்தில் சோற்றுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று கேட்டது.

செடி ஜுனாகி வீட்டுத் தூணில் தொங்கியது. விடிந்ததும் அவள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவாள். துறைக்குப் போகிற வழியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பத்ரேஸ்வர் ஒரு சொம்பு ஊற்றுவார். இவர்கள் இரண்டு பேரையும் நம்பினால் காரியம் ஆகாது என்று மினதி மத்தியானம் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவாள். மூன்று பேர் ஊற்றியதையும் கமோசா ஒரு சொட்டு விடாமல் குடித்து வைத்துக்கொண்டது. மரத்தில் காற்றையும் பனியையும் தின்று வாழ்கிற செடிக்குக் குளத்தில் முங்கினாற்போல் ஆகிவிட்டது.

கார்த்திகையில் அடி இலை மஞ்சளானது. பிறகு அடுத்தது. ஒருநாள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனவளுக்கு அழுகல் வாடை அடித்தது. துணியை எடுத்துவிட்டால் செடி பிழைக்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒருவர் மரியாதையாகக் கட்டிக் கொடுத்த கமோசாவை அவிழ்த்தெறிவது அவர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. யாருக்கும் சொல்லவில்லை, மினதியிடம் பல்வலி என்றாள். நான்காம் நாள் பத்ரேஸ்வருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

"அவிழ்த்தா உங்களை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். அவிழ்க்கலேன்னா இது செத்துடும். கட்டின நீங்களே அவிழ்த்துட்டுப் போங்க."

பத்ரேஸ்வர் தலையைச் சொறிந்தார். "நான் அவிழ்த்தா குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுமே, ஜுனாகி."

இரண்டு பேரும் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போனது. படகில் ஆட்கள் காத்திருந்தார்கள், துறையிலிருந்து யாரோ கூப்பிடுவதுகூடக் கேட்டது. கடைசியில் மினதிதான் பொறுக்கமாட்டாமல், ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுங்கள் என்றாள். அப்படியே செய்தார்கள். நனைந்து இறுகிய முடிச்சு லேசில் விடவில்லை. இவள் நகம் உடைந்தது, அவர் பல்லால் கடித்தார்.

"ஊர்ல எல்லாரும் கல்யாணத்துல துணிய முடிச்சுப் போடுவாங்க. இங்க மாப்பிள்ளையும் பொண்ணும் அவிழ்க்கிறாங்க, பாருங்க அக்கா" என்று மினதி தரையில் உட்கார்ந்தே விட்டாள். அவள் சிரித்த சிரிப்பு பத்ரேஸ்வருக்கும் தொற்றியது. பல்லில் துணியோடு சிரித்தார்.

பாசிக்குள் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்திருந்தது. ஜுனாகி பாக்குவெட்டியைக் கழுவித் துடைத்து, அழுகியதையெல்லாம் வெட்டி எடுத்தாள். வெட்டிய வாயில் அடுப்புக்கரியைப் பொடித்துத் தடவினாள். வெள்ளையாக, கெட்டியாக மிஞ்சியது மூன்றே வேர். அதை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, காய்ந்த வாகைப் பட்டை ஒன்றின் சொரசொரப்பான பக்கத்தில் வைத்து, பாசியும் இல்லாமல் துணியும் இல்லாமல், தறியில் மிஞ்சிய முகா பட்டு நூலால் கட்டினாள். ஆடாமல் இருக்கவேண்டும், வேரை அறுக்கவும் கூடாது. குருத்தில் தண்ணீர் தங்காதபடி பட்டையைச் செங்குத்தாகக் கிழக்குப் பக்கத்துத் தூணில் மாட்டினாள். காலையில் ஒரு தரம் தண்ணீர் தெளிப்பது அவள் மட்டும்தான், வேறு யார் கை வைத்தாலும் கையை ஒடிப்பேன் என்று இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்.

மாசியில் ஒரு வேர் நுனி பச்சையானது. பங்குனியில் அது நகர்ந்து பட்டையைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். சித்திரை பிறந்தது, பிஹு வந்தது, பூ வரவில்லை.

கொட்டும் எருமைக்கொம்பு ஊதலுமாக ஆட்டக்காரப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பாதிப் பேர் தலையில் பிளாஸ்டிக் கபௌ. ஒருத்தி, அத்தைக்கு வேண்டுமானால் ஒன்று தருகிறேன் என்றாள். ஜுனாகி அவளுக்கு எள்ளுப் பிட்டாப் பலகாரமும் தேநீரும் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. பத்ரேஸ்வர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று அவள்தானே சொன்னாள். காலையில் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் போனார். அந்தத் திரும்பாத தலை அவளை என்ன பாடு படுத்தியது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வைகாசியில் ஒருநாள் தண்ணீர் தெளிக்கப் போனவள், இலை இடுக்கில் அணில் குட்டி வால்போல ஒன்று எட்டிப் பார்ப்பதைக் கண்டாள். மூன்று வாரம் அதையே காவல் காத்தாள். வாசல் பக்கம் தெரியாமல் முறத்தால் மறைத்து வைத்தாள். ஒரு விடியலில் வால் முழுக்க விரிந்தது. ஒரு சாண்கூட இல்லை, கொஞ்சம் கோணல் வேறு.

"பிஹு முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சே, அக்கா" என்றாள் மினதி, வேண்டுமென்றே.

"சொன்னது என் வாய்தானே? நானே மாத்திக்கிறேன்."

ஈரத் தலையை அப்படியே சுருட்டிக் கொண்டை போட்டாள். பூவைக் கிள்ளிச் செருகினாள். மஞ்சள் கறை படிந்த சமையல் மேகலாப் பாவாடையோடு ஓடினாள், மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. துறைக்கு வந்தபோது படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டது. அவள் கூப்பிடவில்லை. கூப்பிடுவாளா அவள்? கரையில் போய்த் தலையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நின்றாள்.

நாற்பது பயணிகள், மூன்று மோட்டார் சைக்கிள், இரண்டு ஆடு. பத்ரேஸ்வர் சும்மாதான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிரம்மபுத்திராவில் முப்பது வருடத்தில் முதல் தடவையாக, அக்கரை சேராத படகைப் பாதியில் திருப்பினார். அக்கரையில் வேலைக்குப் போகிற வாத்தியார் ஒருவர், எனக்கு நேரமாகிறது, இது என்ன அநியாயம் என்று கத்தத் தொடங்கினார். கரையில் நிற்கிறவள் தலையைப் பார்த்ததும், வேகமாகத் திருப்புங்கள் அண்ணா என்று அவரே கத்தினார்.

பலகை போட்டார்கள். பத்ரேஸ்வர் கை நீட்டினார்.

"இதைப் பாக்கத்தானே திரும்பினீங்க? நல்லாப் பாத்துக்குங்க, சின்னதாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து ஏறினாள். அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் போனாள், ஆடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு சிரித்தபடியே போனாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அண்டாவை மினதி ஏற்றினாள். பருப்பில் உப்பு இரண்டு மடங்கு, ஒரு பிள்ளைகூடக் குறை சொல்லவில்லை.